இடக்கைக் கதவா, வலக்கைக் கதவா: எங்கே நின்று பார்ப்பது?

வணக்கம். வேளச்சேரி அடுக்ககத்தின் தலைவாசல் கதவுக்கு மார்ட்டிஸ் பூட்டு (கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே பொருத்தும் பூட்டு) வாங்கச் சென்றபோது கடைக்காரர் ‘லெஃப்டா, ரைட்டா’ என்று கேட்டதாகவும், உள்ளே நின்றால் கீல் வலப்புறமும் வெளியே நின்றால் இடப்புறமும் இருப்பதால் குழம்பியதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அமெரிக்க வழக்கப்படி, சாவி போடும் வெளிப்பக்கத்தில் மூடிய கதவின் முன் நின்று பார்க்க வேண்டும். கீல் இடப்புறம் இருந்து கதவு உள்நோக்கித் திறந்தால் அது இடக்கைக் கதவு. உங்கள் கதவு அதுவே. அதற்கு முன்னால் உள்ள கிரில் கதவு, கீல் அதே இடப்புறம் இருந்தாலும், வெளிநோக்கித் திறப்பதால் ‘லெஃப்ட் ரிவர்ஸ்’ ஆகிவிடும். இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கிவிட வேண்டாம்.

ஆனால் டின் (DIN) எனப்படும் ஜெர்மானியத் தரநிர்ணய முறையில், கதவை நம்மை நோக்கி இழுத்துத் திறக்கும் பக்கத்தில் நின்று கீலைப் பார்ப்பார்கள் என்பதால், இதே தலைவாசல் கதவு அங்கே ‘ரைட்’ என்று குறிக்கப்படும். ஆகவே, பாரிமுனைக் கடையானாலும் இணையக் கடையானாலும், ஒற்றைச் சொல்லை நம்பாமல், ‘வெளியிலிருந்து பார்த்தால் கீல் இடப்புறம், கதவு உள்ளே திறக்கும்’ என்று முழுமையாகச் சொல்லிவிடுங்கள்.

பூட்டு நாக்கின் சரிவான முகம், கதவு மூடும்போது நிலைச்சட்டத்தில் முதலில் படும் பக்கம், அதாவது உங்கள் கதவில் வெளிப்புறம், இருக்க வேண்டும். பல பூட்டுகளில் நாக்கைத் திருப்பிப் பொருத்திக்கொள்ளலாம். அத்தகைய பூட்டையே கேட்டு வாங்குவது நல்லது. கைப்பிடியும் திருப்பக்கூடியதா என்பதைத் தனியே கேளுங்கள்.