ரன்ஃப்ளாட்டுக்குப் பதில் சாதா டயர் போடலாமா?

காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயரில் குலுக்கல் தாங்கவில்லை, சாதா டயருக்கு மாறலாமா, ஆனால் டிக்கியில் ஸ்டெப்னி இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம். ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவர் தடிமனாக, விறைப்பாக இருப்பதால்தான் சின்னப் பள்ளம்கூட நேராக முதுகில் இடிக்கிறது. ஆனால் காற்று முழுக்க இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கி.மீ. தூரம் வண்டியைத் தாங்குவதும் அதே பக்கச்சுவர்தான். ராத்திரியில் தனியாக நெடுந்தூரம் போகிறவர் என்றால் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் மட்டும்தான் ஓட்டம் என்றால் எனக்கு ரன்ஃப்ளாட் வீண் செலவாகத்தான் படுகிறது, ஏனென்றால் காற்றில்லாமல் ஓட்டிய டயரைப் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டித் தர மாட்டார்கள், புதுசுதான் வாங்க வேண்டும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள், கலக்காதீர்கள். அப்புறம், பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் கட்டாயம் இருக்கட்டும். பக்கச்சுவர் கிழிந்தால் அதுவும் உதவாது, வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும்.