நியூயார்க்கின் யூத ஊர்ச்சங்கங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட நியூயார்க்கில் யூதர்களின் ஊர்ச்சங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்குச் சில சந்தேகங்கள். கடவுச்சொல், மார்பில் பட்டை, வாசலில் காவலர் என்றெல்லாம் சொல்கிறீர்களே, இவை ஃப்ரீமேசன் மாதிரி ரகசியச் சபைகளா? நோய்க்கும் சாவுக்கும் பணம் கொடுத்தார்கள் என்றால் அந்தக் கணக்கு எப்படி ஓடியது? 1929 பங்குச்சந்தை வீழ்ச்சிதான் இவற்றைக் கவிழ்த்ததா? பிள்ளைகள் ஏன் தொடரவில்லை?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

1929 வருவதற்கு முன்பே சங்கங்களின் கணக்கு சாயத் தொடங்கிவிட்டது. வீழ்ச்சி அதைக் கொஞ்சம் வேகப்படுத்தியது, அவ்வளவுதான். பணம் எப்படி உள்ளே வந்தது, எப்படி வெளியே போனது என்று பார்த்தால் இது விளங்கும். ரகசியம் பற்றிய உங்கள் கேள்விக்கும் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் லாண்ட்ஸ்மன் என்றால் ஊர்க்காரர். ரஷ்யா, போலந்து, கலீசியா, ருமேனியா பக்கம் ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் சேர்ந்து வைத்த சங்கம் லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட். ஓர் ஊருக்கு ஒன்றுதான் என்று கணக்கில்லை. பியாலிஸ்டாக் போன்ற பெரிய ஊர் என்றால் தொழுகைக்கூடத்தோடு ஒன்று, மத வாடையே இல்லாமல் ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ‘யங் மென்ஸ்’ என்ற பெயரில் இன்னொன்று. அந்த இளைஞர் சங்கங்கள் பெயரை மாற்றாமலே கிழடுதட்டின. 1935-ல் உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லோரும் தாத்தாக்கள். அரசு வேலைத்திட்டத்தில் அமர்த்தப்பட்ட யித்திஷ் எழுத்தாளர்கள் இந்தச் சங்கங்களைக் கணக்கெடுத்து, 1938-ல் யித்திஷிலேயே நூலாக அச்சிட்டார்கள். நியூயார்க்கில் சுமார் 3,000 சங்கங்கள் என்று வழக்கமாகச் சொல்வதற்கு அந்தக் காலத்துக் கணக்குகளே அடிப்படை.

சில சங்கங்கள் தனித்து நின்றன. சில, ‘ஆர்டர்’ எனப்பட்ட பெரிய சகோதர அமைப்பு ஏதாவது ஒன்றின் கிளையாகச் சேர்ந்துகொண்டன. கிளைக்குப் பெயர் லாட்ஜ். நம்மூரில் அறை எடுத்துத் தங்கும் லாட்ஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1887-ல் தொடங்கிய இன்டிபென்டென்ட் ஆர்டர் ப்ரித் ஆப்ரகாம் முதல் உலகப்போர்க் காலத்தில் 2 லட்சம் உறுப்பினர்களைத் தாண்டியது. சோஷலிஸ்ட் தொழிலாளர்கள் ஆர்பெட்டர் ரிங் என்னும் தொழிலாளர் வட்டத்துக்குப் போனார்கள். 1892-ல் சிறு குழுவாகத் தொடங்கி 1900-ல் நாடு தழுவிய ஆர்டராக மாறியது அது. இவை எல்லாவற்றுக்கும் மூத்தது 1843-ல் ஜெர்மன் யூதர்கள் நியூயார்க்கில் தொடங்கிய ப்நாய் ப்ரித். நாம் பேசும் காலத்தில் அது சாவுப்பணத்திலிருந்து வெகுதூரம் விலகி, அறப்பணி, உரிமைப் பாதுகாப்பு, கல்லூரி மாணவர்களுக்கான ஹில்லெல் என்று வேறு திசையில் போய்விட்டது.

சடங்குகள் ஃப்ரீமேசன்களிடமும், அவர்களைப் போன்ற இன்னொரு சகோதரச் சபையான ஆட் ஃபெலோக்களிடமும் எடுத்தவைதான், சந்தேகமே இல்லை. உள்வாயிற்காவலர், வெளிவாயிற்காவலர், தலைவரின் சுத்தியல், உறுதிமொழி எல்லாம் அப்படியே. ஆனால் கடவுச்சொல் செய்த வேலையைக் கவனியுங்கள். பல ஆர்டர்களில் அது குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாறும். சந்தா பாக்கி வைத்தவருக்குப் புதுச்சொல் கிடைக்காது. ஆக, வாசலில் காதோரம் சொல்லும் அந்த ஒற்றைச் சொல் நடைமுறையில் ஒரு ரசீது. எதிரியைத் தடுக்க வைத்த ஏற்பாடாக அதைப் பார்ப்பதைவிட, பாக்கிக்காரரைத் தடுக்க வைத்ததாகப் பார்ப்பதே பொருத்தம்.

பட்டையும் அப்படித்தான். சட்டையில் குத்திக்கொள்ளும் ரிப்பன், மேலே உலோகத் தகடு, கீழே குஞ்சம். ஒரு பக்கம் சிவப்பு, நீலம் என்று வண்ணத்தில் சங்கத்தின் பெயர் பொன்னெழுத்தில். திருப்பினால் மறுபக்கம் கறுப்பு, வெள்ளி எழுத்தில் நினைவஞ்சலி வாசகம். விழாவுக்கு ஒரு பக்கம், சவ ஊர்வலத்துக்கு மறுபக்கம். இரண்டு பட்டை வாங்கும் செலவு மிச்சம். சங்கம் எதற்காக இருந்தது என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த ரிப்பனைத்தான்.

சேர்வதற்கு வருபவரை ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். பிறகு சங்கத்து டாக்டர் பரிசோதிப்பார். பிறகு வெள்ளை, கறுப்பு உருண்டைகளைப் பெட்டியில் போட்டு வாக்கெடுப்பு. சேர்வதற்கான வயதின் மேல்வரம்பு சங்கத்தைப் பொறுத்து 35 முதல் 45 வரை. இந்த வரம்பில் ஏன் அவ்வளவு கறார் என்பது சாவுப்பணக் கணக்கில் தெரியும். அதற்கு முன் நோய்ப்பணம்.

நோய்ப்பணம் வாரத்துக்கு 5 முதல் 7 டாலர், அதுவும் ஆண்டுக்கு இத்தனை வாரம் என்ற வரம்போடு. படுத்தவர் செயலாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். டாக்டர் சான்று வேண்டும். அதோடு ‘ஹாஸ்பிட்டலர்’ என்ற பொறுப்பாளர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஆறுதல் சொல்வது அவர் கடமை. ஆள் உண்மையிலேயே படுக்கையில் இருக்கிறாரா என்று பார்ப்பதும் அதே கடமையில் அடக்கம். உறுப்பினர்களில் ஏராளமானோர் தையல் தொழிலாளிகள். அந்தத் தொழிலில் ஆண்டுதோறும் வேலையற்ற மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் வரும் முதுகுவலியைச் சங்கம் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பால்வினை நோய்க்குப் பணம் கிடையாது என்று விதிப்புத்தகமே வெளிப்படையாகச் சொல்லும். காசநோய் ஒரு சிறிய சங்கத்தின் நிதிக்குத் தாங்காது. அதனால் தொழிலாளர் வட்டம் 1910-ல் நியூயார்க் மாநிலத்தின் லிபர்ட்டி என்ற ஊரில் தனக்கென்று ஒரு சானடோரியமே திறந்தது.

சங்கத்து டாக்டருக்கு ஊதியம் தலைக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம்தான். ஆள் நோயில் விழுந்தாலும் விழாவிட்டாலும் அதே தொகை. குழந்தைக்கு லேசாக மூக்கு ஒழுகினாலும் நாலாவது மாடிக்கு ஏறி வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் இடம் போய்விடும். ஆம், டாக்டரையும் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் நோயாளிகளைச் சேர்ப்பதற்காக இந்த வேலைக்கு வருவார்கள். கொஞ்சம் பெயர் எடுத்ததும் கிளம்பிவிடுவார்கள். மருத்துவர் சங்கங்களுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. தொழிலின் மதிப்பைக் குறைக்கிறது என்றார்கள். விலையைக் குறைத்தது என்பதும் உண்மை.

இனி சாவுப்பணம். ஆரம்பத்தில் இருந்த முறை மிக எளிமையானது: ஓர் உறுப்பினர் இறந்தால் எல்லோரிடமும் ஒரே தொகை தண்டல் செய்து விதவையிடம் கொடுப்பது. 25 வயதுக்காரரும் 60 வயதுக்காரரும் அதே காசுதான் தரவேண்டும். கணக்குக்காக ஒரு சங்கத்தை வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 200 பேர், எல்லோரும் இளையவர்கள், விதவைக்கு 500 டாலர். ஆண்டுக்கு ஒரு சாவு விழுந்தால் ஆளுக்கு 2 டாலர் 50 சென்ட். யாருக்கும் வலிக்காது. இருபத்தைந்து ஆண்டு கழித்து 120 பேர்தான் மிச்சம், பெரும்பாலோர் 55-ஐத் தாண்டியவர்கள், ஆண்டுக்கு மூன்று சாவு. மொத்தம் 1,500 டாலர். ஆளுக்கு 12 டாலர் 50 சென்ட். இதைப் பார்த்து, உடல் நன்றாக இருக்கும் முப்பது பேர் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இருக்கிற 90 பேரின் தலையில் இப்போது 16 டாலர் 67 சென்ட் விழும். விலகிப் போகிறவர் எப்போதும் ஆரோக்கியமானவர். தங்குபவர் வேறு எங்கும் சேர முடியாதவர். அதனால் அடுத்த ஆண்டுத் தொகை இன்னும் ஏறும்.

இந்தச் சுழலைத் தடுக்க ஒரே மருந்து ஆண்டுதோறும் இளையவர்கள் வந்து சேர்வது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அதே ஊரிலிருந்து, அடுத்த கப்பலில். 1921-ல் அமெரிக்கா குடியேற்றத்துக்கு ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. 1924 சட்டம் அதை மேலும் இறுக்கி, போலந்து முழுமைக்கும் ஆண்டுக்கு 5,982 இடங்கள் என்று நிறுத்தியது. அதில் யூதர் அல்லாதவர்களும் அடக்கம். ஊர்ச்சங்கத்துக்கு இளரத்தம் வரும் குழாய் அன்றே அடைபட்டது. 1929 வீழ்ச்சிக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

ஆர்டர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மாநிலக் காப்பீட்டுத் துறைகளும் இறப்பு அட்டவணைப்படி வயதுக்கேற்ற தவணை வாங்கும்படி நெருக்கின. கணக்குப்படி அது சரி. ஆனால் இருபது ஆண்டாகச் சிறு தொகை கட்டிவந்த 58 வயது மனிதரிடம், இனி உன் தவணை பல மடங்கு என்று எப்படிச் சொல்வது? சொன்ன இடங்களில் கூட்டம் அடிதடி அளவுக்குப் போனது; சொல்லாத இடங்களில் நிதி வற்றியது. பிறகு 1930 டிசம்பர் 11-ல் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் மூடப்பட்டது. பெயர்தான் அரசு வங்கி மாதிரி. நியூயார்க்கின் தனியார் வங்கி அது. சுமார் 4 லட்சம் வைப்பாளர்களில் யூதக் குடியேறிகள் மிகுதி. வேலை போனவரால் சந்தா கட்ட முடியவில்லை. கட்டாதவரை நீக்கவேண்டும் என்றது விதி. பல சங்கங்கள் விதியை மடித்துவைத்துவிட்டு, நல்ல நிலையில் இருந்த உறுப்பினர்களிடம் வாங்கி அந்தச் சந்தாவைத் தாமே கட்டின. கணக்கர் பார்வையில் தப்பு. நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அதற்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

பணம் வற்றிய பிறகும் சங்கங்களை உயிரோடு வைத்திருந்தது இடுகாடு. குவீன்ஸில் மவுன்ட் ஹெப்ரான், மவுன்ட் சயான் போன்ற இடுகாடுகளில் சங்கங்கள் மனையை மொத்தமாக வாங்கிப்போட்டன. வாசலில் இரண்டு கல்தூண்கள், மேலே ஊர்ப்பெயர், பக்கவாட்டில் அந்த ஆண்டுத் தலைவர், செயலாளர், பொருளாளர், இடுகாட்டுக் குழுவினர் பெயர்கள். தூணில் யார் பெயர் எந்த வரிசையில் வருவது என்பதிலேயே சண்டை வந்து சங்கம் பிளந்ததுண்டு. உள்ளே இறந்த வரிசைப்படிதான் குழி. கணவன் ஒரு வரிசை, ஏழு ஆண்டு கழித்துப் போன மனைவி வேறு வரிசை. பக்கத்திலேயே இடம் வேண்டுமென்றால் முன்கூட்டித் தனியாகப் பணம் கட்டவேண்டும். குழந்தைகளை வேலியோரம் புதைப்பார்கள்.

பிள்ளைகள் விஷயம். கூட்டம் நடப்பது யித்திஷில். அவர்களுக்கு ஆங்கிலம்தான் வாய்க்கு வரும். அவர்கள் பிறந்தது ப்ரூக்ளினிலோ ப்ராங்க்ஸிலோ. அப்பாவின் ஊர் அவர்களுக்கு ஒரு பெயர் மட்டுமே. சாவுப்பணம் இருபது வயதுக்காரனை இழுக்குமா? ஆனால் சங்கம் வைக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் 1924-ல் யூதப் பையன்களுக்காக அலெஃப் ஸாடிக் அலெஃப் உருவானது. சாம் பீபர் என்ற வழக்கறிஞர் அதற்கு வடிவம் கொடுத்தார். மறு ஆண்டே ப்நாய் ப்ரித் அதைத் தன் இளைஞர் அமைப்பாக ஏற்றது. பெயரைப் பாருங்கள்: மற்ற மாணவச் சங்கங்கள் யூதர்களைச் சேர்க்காமல் கிரேக்க எழுத்துகளால் பெயர் வைத்துக்கொண்டன, இவர்கள் ஹீப்ரு எழுத்துகளால் வைத்தார்கள். தலைவர் அலெஃப் கடோல், செயலாளர் மஸ்கிர், பொருளாளர் கிஸ்பார். சுத்தியல், விதிப்புத்தகம், தீர்மானம், மாநாடு எல்லாம் உண்டு. நோய்ப்பணமும் குழியும் மட்டும் இல்லை.

தொழிலாளர் வட்டம் இன்னொரு வழி பார்த்தது: பிள்ளைகளுக்கு யித்திஷ் பள்ளிகள், 1927 முதல் கிண்டர் ரிங் கோடைமுகாம். முகாம் நன்றாகவே நடந்தது. ஆனால் முகாமுக்கு வந்த பையன் பெரியவனானதும் அப்பாவின் கிளையில் பெயர் கொடுத்தானா என்றால், பெரும்பாலும் இல்லை.

அப்பா இறந்த அன்று மட்டும் அவனுக்குச் சங்கம் தேவைப்பட்டது. மனை சங்கத்தின் பெயரில் இருப்பதால் சங்கப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட அனுமதிச்சீட்டு இல்லாமல் இடுகாட்டில் குழி வெட்டமாட்டார்கள். உயிரோடிருக்கும் கடைசிச் செயலாளரின் வீட்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். அவரும் போய்விட்டிருந்தால் மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு எழுதவேண்டும். கலைந்துபோன சங்கங்களை முடித்துவைக்கும் வேலை அவர்களிடம்தான் வந்து சேர்ந்தது. சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளும் சந்தாப் புத்தகங்களும் அங்கிருந்து யூத வரலாற்றை ஆராயும் நியூயார்க்கின் யிவோ நிறுவனத்துக்குப் போயின. நீங்கள் கேட்ட கணக்குகளைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால் தேடவேண்டிய இடம் அதுதான். பெரும்பகுதி யித்திஷ் கையெழுத்தில் இருக்கும்.

அன்புடன்.