காலாற நடக்க ஒரு ஊர்: வட அமெரிக்க விடுமுறை, கேள்வி பதில்

காரை எடுக்காமல், ஓடி ஓடிப் பார்க்காமல், ஆற அமர நாலைந்து நாள் இருந்துவிட்டு வர வட அமெரிக்காவில் எந்த ஊர் நல்லது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். பால் வாங்கக்கூட கார்தான். அக்டோபரில் நானும் மனைவியும் நாலு நாள் எங்காவது போகலாம் என்றிருக்கிறோம். வாடகைக் கார் எடுக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

பதில்: ஜார்ஜியா மாநிலத்து சவானா. உங்கள் நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவின் தென்பகுதியில் எனக்குத் தெரிந்து இல்லை.

1733-ல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் இந்த ஊரை அமைத்தபோதே, சில தெருக்களுக்கு ஒரு சதுக்கம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்களும் அதே கணக்கில் ஊரை வளர்த்தார்கள். மொத்தம் 24 சதுக்கங்கள் உருவாயின, அவற்றில் 22 இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பூங்கா. பெரிய ஓக் மரங்கள், கிளைகளிலிருந்து சடைசடையாகத் தொங்கும் சாம்பல் நிற ‘ஸ்பானிஷ் மாஸ்’, கீழே பெஞ்சுகள். வண்டிகள் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும், அதனால் வேகமெடுக்க வழியில்லை. நடப்பவருக்கோ சில நிமிடத்துக்கு ஒருமுறை நிழலும் உட்கார இடமும் கிடைத்துவிடுகிறது. பழைய வீடுகளின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கே நடை சுகமாக இருப்பதற்கு இந்தத் தெரு அமைப்புதான் காரணம்.

முதல் நாள் புல் ஸ்ட்ரீட்டில் மட்டும் நடந்து பாருங்கள். ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் நகர மன்றத்தில் ஆரம்பித்தால் ஜான்சன், ரைட், சிப்பவா, மேடிசன், மான்டரே என்று ஐந்து சதுக்கங்களைத் தாண்டி ஃபோர்சைத் பூங்காவுக்கு வந்துவிடலாம். 1858-ல் வைத்த வெள்ளை நீரூற்று அங்கே இருக்கிறது. தூரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் அரை நாளை அதற்கே கொடுங்கள். ரைட் சதுக்கத்தில் தொமோச்சிச்சியின் நினைவாக ஒரு பெரிய பாறை இருக்கிறது. ஓகல்தார்ப் வந்து இறங்கியபோது அவருக்கு இடம் கொடுத்து நட்பு பாராட்டிய யமக்ரா பழங்குடித் தலைவர் அவர். அவரை அடக்கம் செய்ததும் அந்தச் சதுக்கத்தில்தான். அந்தப் பாறையின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

ஆற்றங்கரைத் தெருவுக்கு இறங்கும்போது மட்டும் கவனம். அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்த கற்களைப் பாவிய சரிவுகள் அவை, மேடும் பள்ளமுமாக இருக்கும். நல்ல ஷூ வேண்டும். கால் வலித்தால் ‘டாட்’ என்ற இலவசப் பேருந்து ஊருக்குள் ஓடுகிறது. அக்டோபர் நல்ல மாதம். ஆனால் புயல் பருவம் நவம்பர் வரை உண்டு என்பதால், ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, சவானாவிலேயே ஊருக்கு வெளியே ஹைவே பக்கம் தங்கினால் பாதி விலைதான் ஆகிறது. அங்கே தங்கிவிட்டு தினமும் காரில் வந்து நடந்தால் என்ன?

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி கார் வாடகைக்கும் பார்க்கிங்குக்கும் போய்விடும். காசைவிடப் பெரிய நஷ்டம் வேறு. மதியம் வெயில் ஏறியதும் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி இறங்கி நடக்கிற சுகம் ஊருக்கு நடுவில் தங்குபவருக்குத்தான் கிடைக்கும். வெளியே தங்கியவர், வந்தது வந்தோம் என்று களைத்துப் போகும்வரை அலைந்துவிட்டுத் திரும்புவார். நாலு நாளை மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தங்குவது ஃபோர்சைத் பூங்காவுக்கும் ஆற்றுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். எந்த ஊருக்கும் என் முதல் அறிவுரை இதுதான்.

கேள்வி: சியாட்டிலில் இருக்கிறேன். கோவையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள், எழுபது தாண்டியவர்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. நடக்கிற ஊர் என்றால் அவர்களுக்கு ஒத்துவருமா?

பதில்: கனடாவின் விக்டோரியாவுக்கு அழைத்துப் போங்கள். சியாட்டிலிலிருந்து பயணிகள் மட்டும் போகும் விரைவுப் படகு மூன்று மணி நேரத்துக்குள் ஊரின் உள்துறைமுகத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். நல்ல விடுதிகள் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உண்டு. துறைமுகத்தைச் சுற்றிய பாதை பெரும்பாலும் சமதளம். ஒரு பக்கம் 1908-ல் திறந்த எம்ப்ரஸ் ஓட்டல், இன்னொரு பக்கம் இரவில் விளக்கு வரிசையோடு நிற்கும் மாகாணச் சட்டமன்றம். அப்பாவுக்கு முடியாதபோது துறைமுகத்துக்குள் ஓடும் குட்டிப் படகில் ஏறிக்கொள்ளலாம்.

காலையில் பீக்கன் ஹில் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மயில்கள் தம் பாட்டுக்கு நடமாடும், அம்மாவுக்குப் பிடிக்கும். பூங்காவின் தென்கோடியில் கடலோரப் பாதை இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரையில் அமெரிக்காவின் ஒலிம்பிக் மலைகள் தெரியும். புச்சார்ட் தோட்டம் ஊருக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் போய்வரலாம். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கி, அன்றைக்கு வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசா தனியாக வேண்டும், திரும்பி வர அமெரிக்க விசாவும் செல்லுபடியாக இருக்க வேண்டும். படகுச் சீட்டு வாங்கும் முன்பே இதைப் பாருங்கள்.

கேள்வி: டொரோண்டோவில் இருக்கிறோம். கைக்குழந்தை ஒன்று, ஆறு வயதுப் பையன் ஒருவன். மொன்றியலா, கியூபெக் சிட்டியா?

பதில்: குழந்தை வண்டி தள்ள வேண்டியிருப்பதால் மொன்றியல். கியூபெக் சிட்டி 1608-ல் தோன்றிய கோட்டை ஊர், அழகுதான், ஆனால் மேல் ஊர், கீழ் ஊர் என்று ஒரே ஏற்ற இறக்கம். இரண்டுக்கும் நடுவே ஃபனிகுலர் என்ற சரிவு ரயில் ஓடினாலும், வண்டியோடு நாள் முழுக்கச் சமாளிப்பது கஷ்டம். பையன் வளர்ந்ததும் போங்கள்.

மொன்றியலில் பிளாட்டோ பகுதியில் தங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனையாவது மாடி? அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மாடிப்படி வாசலுக்கு வெளியே இருக்கும். இரும்புப் படி, சில இடங்களில் வளைந்து வளைந்து ஏறும். படம் எடுக்க அருமை, குழந்தை வண்டியோடும் பெட்டியோடும் ஏறப் பெரும்பாடு. தரைத்தளம் கிடைத்தால் விடாதீர்கள். பல மெட்ரோ நிலையங்களில் இன்னும் லிஃப்ட் கிடையாது, அதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

கோடையில் மோன்-ராயல் அவென்யூவின் பெரும்பகுதியை வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். பையனைக் கையை விட்டு நடக்க விடலாம். அப்புறம் ஊருக்கு நடுவே இருக்கும் மோன்-ராயல் மலை. 233 மீட்டர்தான், ஆனால் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்தான் இந்த மலைமேல் இருக்கும் பூங்காவையும் வடிவமைத்தார், 1876-ல் திறந்தது. அவர் பெயரிலுள்ள பாதை மெதுவாக வளைந்து ஏறுகிறது, குழந்தை வண்டியும் போகும். உச்சியில் ஊர் முழுவதும் தெரியும். கோடை ஞாயிறுகளில் மலையடிவாரத்தில் மக்கள் கூடி மேளம் வாசிப்பார்கள், கட்டணம் எதுவுமில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். இந்த ஊர்களில் சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்: மொன்றியலில் கவலையே வேண்டாம். ஜான்-தலோன் சந்தையில் பழமும் ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொண்டு, ஜான்-தலோன் மெட்ரோவில் நீல வழியில் ஏறினால் இரண்டாவது நிலையம் ‘பார்க்’ (Parc). அந்தப் பகுதியில் ஈழத்தமிழர்களும் மற்ற தெற்காசியர்களும் நிறைய இருக்கிறார்கள், தோசை கிடைக்கும். பூட்டீன் (உருளைக்கிழங்கு வறுவல்மேல் சீஸும் குழம்பும் ஊற்றிய கியூபெக் பண்டம்) வாங்கும் முன் அந்தக் குழம்பு இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள், பெரும்பாலும் அப்படித்தான்.

சவானாவில் கீரையும் பீன்ஸும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். தென்மாநிலச் சமையலில் அவற்றைப் பன்றி இறைச்சி சேர்த்து வேகவைப்பது வழக்கம். ஒவ்வொரு கடையிலும் கேட்டே வாங்குங்கள்.

கேள்வி: இங்கே உட்கார்ந்தபடியே ஒரு ஊர் நடக்க ஏற்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஊரைப் பார்க்காதீர்கள், தங்கப்போகும் முகவரியைப் பாருங்கள். ‘வாக் ஸ்கோர்’ தளத்தில் முகவரியைக் கொடுத்தால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும், அது ஆரம்பத்துக்கு உதவும். ஆனால் நிழல் இருக்கிறதா, நடைபாதை உடைந்து கிடக்கிறதா என்று அந்த எண் சொல்லாது. கூகுள் வரைபடத்தின் ‘ஸ்ட்ரீட் வியூ’வில் விடுதி வாசலில் நின்று, காலைச் சாப்பாட்டுக் கடை வரை நடந்து பாருங்கள். வழியில் ஆறு வழிச்சாலை குறுக்கிட்டால் வேறு விடுதி தேடுங்கள். தெருவின் நீளமும் முக்கியம். ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்டின் மையப் பகுதியில் ஒரு தெருமூலைக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 60 மீட்டர்தான். அதனால் அலுப்பே தட்டாது, நினைத்த இடத்தில் திரும்பலாம்.

கேள்வி: ஒரு வார லீவில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

பதில்: ஒன்று.

கேள்வி: எங்களுக்கு டிசம்பரில்தான் லீவு. அப்போது எங்கே நடப்பது?

பதில்: பனி பிடிக்குமென்றால் கியூபெக் சிட்டிதான், ஷூவுக்கு அடியில் மாட்டும் பனிப் பல்லோடு. குளிர் ஆகாதென்றால் நியூ ஆர்லியன்ஸ். பழைய நகரப் பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் சத்தத்திலிருந்து தள்ளி, செயின்ட் சார்லஸ் டிராம் போகும் வழியில் தங்குங்கள். 1835 முதல் இருக்கும் வழித்தடம் அது, இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். எந்த நிறுத்தத்திலும் இறங்கி நடந்து, களைத்ததும் அடுத்த டிராமில் ஏறிக்கொள்ளலாம். ஜனவரி 6-ல் கார்னிவல் பருவம் தொடங்கிவிடும், அப்புறம் அதன் கடைசி நாளான மார்டி கிரா நெருங்க நெருங்க அறை வாடகையும் கூட்டமும் ஏறும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் போய்வந்துவிடுங்கள்.