பல்துறைப் பட்டத்தில் சீன மொழி: சேரும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகளுக்குப் பொருளியல், வரலாறு, சீன மொழியும் பண்பாடும் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் மிகுந்த ஆர்வத்தோடு இருக்கிறாள். உறவினர்களோ, இது நுனிப்புல் மேய்கிற படிப்பு, எதுவும் உருப்படியாக வராது என்கிறார்கள். மொழியை இப்படிப் படித்தால் பயன் உண்டா? வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், திருச்சி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் உறவினர்களின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி, சீன மொழிக்குக் கிடைக்கப்போகும் நேரத்தைப் பற்றியதே தவிர, பல துறைகளைச் சேர்த்துப் படிப்பதைப் பற்றியது அன்று. பொருளியலிலும் வரலாற்றிலும் விட்டுப்போனதைப் பிற்காலத்தில் நூல்களைப் படித்து ஓரளவு ஈடுசெய்துகொள்ளலாம். மொழியில் அது எளிதன்று. ஆகவே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு நடக்கிறது, அது எத்தனை பருவங்கள் தொடர்கிறது என்பதையே பல்கலைக்கழகத்திடம் முதலில் கேளுங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க நடத்தும் நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் பணிக்குப் போதுமான அளவு மாண்டரின் சீனம் கற்க ஏறக்குறைய 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று மதிப்பிடுகிறது. வாரத்துக்கு 5 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம் என வைத்துக்கொண்டால், 8 பருவங்களும் விடாமல் நடந்தாலும் 600 மணி நேரமே தேறும். மொழி வகுப்பு நான்கு பருவங்களோடு நின்றுவிட்டால் 300 மணி நேரம்தான். மீதியை உங்கள் மகள் தன் அறையில் உட்கார்ந்து, அன்றாடம் எழுதியும் கேட்டும் பேசியும் நிரப்ப வேண்டியிருக்கும். சீன அரசு 1988-இல் வெளியிட்ட அன்றாட எழுத்துகளின் பட்டியலில் 3,500 எழுத்துகள் இருக்கின்றன; தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்யும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லுபடியாகாது.

தமிழ் பேசுவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான நான்கு தொனிகள்தான் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் மூச்சை அழுத்தி விட்டு ஒலிப்பதா, விடாமல் ஒலிப்பதா என்பதை வைத்தே சீன மொழியில் சொற்கள் வேறுபடுகின்றன. தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால், நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஒலிப்பைத் திருத்தும் ஆசிரியர் முதல் பருவத்திலேயே தேவை என்பதால், வகுப்பில் எத்தனை மாணவர்கள் இருப்பார்கள் என்றும் விசாரியுங்கள்.

பண்பாட்டுப் பாடத்தையும் கவனித்துப் பாருங்கள். வசந்த விழா, தேநீர், டிராகன், காகித வெட்டுக்கலை என்று சுற்றி வருகிற பாடத்திட்டமானால் அதற்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை. பொருளியலும் வரலாறும் மொழியும் ஒன்றோடொன்று மோதுகிற இடத்துக்கு மாணவரைக் கொண்டுபோவதே நல்ல பாடத்திட்டம். சான்றாக, சீனாவில் 1958-இல் சட்டமாக்கப்பட்ட 'ஹுகோவ்' என்னும் குடும்பப் பதிவு முறையைச் சொல்லலாம். 1978-க்குப் பிந்தைய சீர்திருத்தக் காலத்தில் கிராமங்களிலிருந்து நகரத் தொழிற்சாலைகளுக்கு வந்த கோடிக்கணக்கான தொழிலாளர்கள், தங்கள் பதிவு ஊரில் இருந்ததால், வேலை செய்த நகரத்திலேயே பள்ளி, மருத்துவம் போன்றவற்றில் முழு உரிமை பெற முடியாமல் இருந்தார்கள். இதை அறியாமல் அக்காலத்தின் ஊதியப் புள்ளிவிவரங்களை வைத்து என்ன எழுதினாலும் அது அரைகுறையாகவே இருக்கும்.

இன்னொரு சான்று நமக்கு நெருக்கமானது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு, இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் இந்துத் தெய்வத்துக்கு அளித்ததைச் சொல்கிறது. பாரசீகப் பகுதியோ இஸ்லாம் சார்ந்தது. சீனம் மட்டும் படித்தவர் அதை ஒரு பௌத்தக் காணிக்கை என்று எழுதிவிட்டுப் போவார். மூன்றையும் படித்து, இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரலாற்றையும் அறிந்தவருக்குத்தான், வணிகர் கூட்டம் ஒவ்வொன்றிடமும் அதனதன் மொழியில் பேசிய ஓர் அரசின் சாதுரியம் புலப்படும். தமிழ் தெரிந்த உங்கள் மகளுக்கு இத்துறையில் உள்ள இடத்தை அவளிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

மூன்றையும் சம எடையோடு சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாம் ஆண்டுக்குள் பொருளியல், வரலாறு இரண்டில் ஒன்றை அடித்தளமாகத் தேர்ந்துகொண்டு, இறுதியாண்டு ஆய்வேட்டில் சீன மூல ஆவணம் ஒன்றையாவது நேரடியாகப் படித்துப் பயன்படுத்தட்டும். அதற்கு வழிகாட்டக்கூடிய ஆசிரியர் அங்கே இல்லையென்றால், விசுவபாரதி பல்கலைக்கழகத்தில் 1937-இல் தொடங்கிய சீன மொழி, பண்பாட்டுத் துறையான சீன பவனத்தையும், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பட்டப்படிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, சீனா உள்ளிட்ட எல்லைப்புற நாடுகளின் முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டும் என்று இந்திய அரசு 2020-இல் விதித்ததிலிருந்து, சீன நிறுவனங்களை மட்டும் நம்பித் திட்டமிடுவது சரியன்று. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கும் மின்னணுப் பொருள் நிறுவனமான ஃபாக்ஸ்கான், செய்யாற்றில் இயங்கும் காலணி நிறுவனமான ஃபெங் டே இரண்டும் தைவான் நிறுவனங்கள். தைவானின் அலுவல் மொழியும் மாண்டரின்தான். மொழி மட்டும் தெரிந்தால் அத்தகைய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சேரலாம். பொருளியலும் தெரிந்தால் கொள்முதல், நிர்வாகம் என்று மேலே போகலாம். தைவானில் பழைய, கோடுகள் மிகுந்த எழுத்து வடிவமே வழக்கில் உள்ளதால், சீனாவில் வழங்கும் எளிமையாக்கப்பட்ட வடிவத்தோடு அதையும் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது.

இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஓர் ஆண்டு சீனாவிலோ தைவானிலோ மொழி படிப்பதற்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். தைவான் கல்வி அமைச்சகம் மொழி பயில்வோருக்கென்றே ஹுவாயூ உதவித்தொகை வழங்குகிறது. விவரங்களைச் சென்னையில் 2012 முதல் இயங்கும் தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையத்தில் விசாரிக்கலாம். வெளியே படித்த அந்த ஆண்டைப் பட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, இரட்டைக் கட்டணம் கட்ட நேருமா என்ற இரண்டுக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்து மூலமான பதிலைப் பெற்ற பிறகே கட்டணத்தைச் செலுத்துங்கள்.