ராஜாவின் குதிரைக்குத் தீனி வைத்தவன்

அன்புள்ள ஐயா,

மார்மன் புத்தகத்தில் ஆல்மா பகுதியை வாசித்தேன். அம்மோன் என்ற ஊழியக்காரன் போகிறான், லாமோனி ராஜா மனம் மாறுகிறார், பிறகு அவருடைய அப்பா, அப்புறம் ஜனங்கள். அரசனைப் பிடித்தால் நாட்டைப் பிடித்துவிடலாம் என்ற பழைய கதைதானே? எல்லா மதங்களும் செய்ததுதானே இது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையைச் சேர்ந்தவன் இல்லை. தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி, அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தின் பால்மைராவில் வெளியிட்ட நூல் இது. நான் இதை அந்தக் காலத்து அமெரிக்கக் கற்பனையாகவே வாசிக்கிறேன். குதிரையே இல்லாத காலத்து அமெரிக்காவில், கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே, ராஜாவுக்குக் குதிரையும் ரதமும் இருக்கின்றன! சரி, கதைக்குள் போவோம்.

அம்மோனே ஒரு ராஜகுமாரன். இந்நூலில் அமெரிக்காவில் பகைத்துக்கொண்டு வாழும் இரு இனங்கள் நேபியரும் லாமானியரும். நேபியரின் அரசர் மோசியாவின் நான்கு மகன்களும் அரியணை வேண்டாமென்று, பகையாளிகளான லாமானியரிடம் பிரசங்கிக்கப் போய்விடுகிறார்கள். பதினான்கு வருஷம். வாரிசு இல்லாத மோசியா அரசாட்சியையே கைவிட்டு, மக்கள் தேர்ந்தெடுக்கும் நீதிபதிகளிடம் நாட்டை ஒப்படைக்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் நோவா என்ற பழைய ராஜா. ஐந்தில் ஒரு பங்கு வரி வாங்கிக் குடித்துத் தீர்த்தவன் அவன்.

லாமானியர் அம்மோனைக் கட்டி இழுத்துவந்து தங்கள் ராஜா லாமோனி முன் நிறுத்துகிறார்கள். பேசிப் பார்த்துப் பிடித்துப்போய், என் மகளையே கட்டிக்கொள் என்கிறார் ராஜா. வேண்டாம், வேலைக்காரனாக இருக்கிறேன் என்கிறான் இவன். மந்தை மேய்க்க அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் சேபுஸ் என்ற நீர்நிலையில் ஒரு கூட்டம் மந்தையைக் கலைத்துவிடுகிறது. இப்படி மந்தையைச் சிதறவிட்ட வேலைக்காரர்களை ராஜா முன்பே கொன்றிருக்கிறார். கூட இருப்பவர்கள் அழுகிறார்கள். அம்மோன் கவண்கல்லால் ஆறு பேரைச் சாய்க்கிறான். தடி ஓங்கியவர்களின் கைகளை வாளால் வெட்டுகிறான். அந்தக் கைகளைச் சுமந்துபோய் ராஜா முன் வைக்கிறார்கள். அவன் எங்கே என்று கேட்கிறார். உங்கள் குதிரைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருக்கிறான் என்கிறார்கள். ரதத்தைத் தயார் செய்யும்படி ராஜாதான் முன்பே சொல்லியிருந்தார். கைகளைப் பார்த்ததைவிட இதைக் கேட்டுத்தான் அவர் அதிகம் ஆடிப்போகிறார். அம்மோன் உள்ளே வந்ததும் ஒரு மணி நேரம் அவருக்குப் பேச்சே வரவில்லை.

ஜனங்கள் மாறியது ராஜாவின் உத்தரவால் என்கிறீர்கள். லாமோனியின் தந்தை, அதாவது பெரிய ராஜா, பிறப்பித்த ஆணையைத் திரும்பப் பாருங்கள். ஊழியக்காரர்களை யாரும் அடிக்கவோ சிறையில் தள்ளவோ கூடாது, அவர்கள் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், அவ்வளவுதான். நம்பித்தான் ஆகவேண்டும் என்று ஒரு சொல் இல்லை. நம்பாதவர்கள் ஏராளம், அவர்கள் ராஜாவுக்கு எதிராக ஆயுதம் எடுக்கிறார்கள். தூண்டிவிடுவது யார்? நேபியரிலிருந்து பிரிந்துபோன அமலேக்கியரும், அந்த நோவாவின் பூசாரிகளுடைய வம்சமான அமுலோனியரும். மனம் மாறியவர்கள் ஏற்கெனவே ஆயுதங்களை மண்ணில் புதைத்திருந்தார்கள். எதிரி வந்தபோது தரையில் விழுந்து கிடந்தார்கள். 1005 பேர் கொல்லப்பட்டார்கள். அதைப் பார்த்து, வெட்டிக்கொண்டிருந்தவர்களில் அதைவிட அதிகம் பேர் வாளைப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் வேறொரு இடத்தில் இருக்கிறது. லாமானியர் என்றால் முரடர், சோம்பேறி, சாபத்தால் கறுத்த தோல் என்று இந்நூல் கூசாமல் சொல்கிறது. செவ்விந்தியர்களே அவர்களின் வழித்தோன்றல்கள் என்று அன்றைய மார்மன்கள் நம்பினார்கள். அதனால் நூல் வெளியான அதே வருஷம் ஆலிவர் கௌட்ரி, பார்லி பிராட் முதலிய மார்மன் ஊழியக்காரர்கள் பிரசங்கிக்க மேற்கே கிளம்பி, 1831-ன் குளிர்காலத்தில் இன்றைய கான்சஸில் டெலவேர் என்ற பழங்குடி மக்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மக்கள் கிழக்கிலிருந்து தள்ளித் தள்ளி அப்போதுதான் அங்கே குடியேற்றப்பட்டிருந்தார்கள். பழங்குடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பும் சட்டத்தில் ஜனாதிபதி ஜாக்சன் கையெழுத்திட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர்களின் முதிய தலைவர் ஆண்டர்சன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் என்று பிராட் எழுதியிருக்கிறார். அதற்குள் பழங்குடிகளைக் கவனிக்கும் அரசாங்க ஏஜென்ட், அனுமதி இல்லை, வெளியேறு என்றுவிட்டார். யார் பிரசங்கிக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் அந்தத் தலைவர் கையில் இல்லை. வந்தவர்கள் எல்லையைத் தாண்டி மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் ஊருக்குத் திரும்பி, அங்கிருந்த வெள்ளையர்களிடம் பிரசங்கம் செய்தார்கள்.