புது நாட்டின் தேசியப் பாதுகாப்பு: ஆய்வை எங்கே தொடங்குவது?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் மாணவி நான். புதிதாக விடுதலை பெற்ற நாடு தேசியப் பாதுகாப்பை எப்படி வரையறுக்கிறது என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. எந்த நாட்டை எடுக்கலாம், எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: கிழக்குத் திமோரை எடுங்கள். 2002 மே 20-இல் விடுதலை பெற்ற சிறிய தென்கிழக்காசிய நாடு. அதற்கு முன் ஐ.நா. நிர்வாகத்தில் இருந்ததால் ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லோரும் முதலில் புரட்டுவது அரசமைப்பைத்தான். 146-ஆம் பிரிவு வெளித் தாக்குதலை ராணுவத்திடமும், 147-ஆம் பிரிவு உள்நாட்டுப் பாதுகாப்பைப் போலீஸிடமும் ஒப்படைக்கிறது. படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். இரு படைகளுக்கும் யாரை எடுத்தார்கள் என்று பாருங்கள். இந்தோனேசிய ஆட்சியை எதிர்த்து 24 ஆண்டுகள் காட்டில் போராடிய ஃபாலின்டில் கெரில்லாக்களை வைத்து ராணுவம் தொடங்கியது. புதிய போலீஸிலோ இந்தோனேசியக் காவல்துறையில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். போராளிகள் அவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள்? போதாக்குறைக்கு, எல்லைக் காவல் என்று சொல்லிப் போலீஸின் சில பிரிவுகளுக்கு ராணுவத் தரத் துப்பாக்கிகளும் கிடைத்தன.

2006-இல் எல்லாம் வெடித்தது. மேற்கு மாவட்டத்தினருக்குப் பதவி உயர்வில் பாரபட்சம் காட்டப்படுகிறது என்று முறையிட்டுப் பாசறையை விட்டு வெளியேறிய ஏறக்குறைய 600 வீரர்கள் நீக்கப்பட்டார்கள். மொத்தப் படையே சுமார் 1,500 பேர்தான்! மே 25 அன்று தலைநகர் டிலியில், ஆயுதத்தை வைத்துவிட்டு ஐ.நா. துணையோடு வெளியே வந்த போலீஸார் மீது ராணுவத்தினர் சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,50,000 பேர் வீடிழந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். பொதுமக்கள் கைக்கு ஆயுதம் போகக் காரணமான உள்துறை அமைச்சர் ரொஜேரியோ லொபாட்டோவுக்கு 2007-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. இதில் எதற்கும் அயல்நாட்டுப் படையெடுப்பு காரணமில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதன்பின் இடம்பெயர்ந்தோருக்கு உதவித்தொகை, முன்னாள் போராளிகளுக்கு ஓய்வூதியம் என்று எண்ணெய் வருமானத்தை அரசு செலவிட்டது. அமைதியைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்ற விமர்சனம் உண்டு. உண்மைதான், ஆனால் அந்த நிலையில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ராணுவம், போலீஸ், பேரிடர்க் காப்பு மூன்றையும் ஒரே அமைப்பாக இணைத்துப் பார்க்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல்தான் வந்தது.

ஆகவே ஆய்வை 2002 முதல் 2010 வரையிலான காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2006 ஐ.நா. விசாரணை ஆணைய அறிக்கையை முதலில் படித்துவிட்டு, 2010 சட்டத்தை அதன் அருகில் வைத்து வாசியுங்கள். கிழக்கு, மேற்கு மாவட்டத்தினருக்கு இடையிலான பிளவைப் பரம்பரைப் பகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதவி உயர்வுப் புகார்களிலிருந்து அது எப்படித் தெருச்சண்டையானது என்று காட்டினால் ஒரு அத்தியாயமே தேறும்.