அவன், அவள், அவர்: பால்புதுமைக் கவிதை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கவிதை கவிதைதானே? எழுதியவர் யாரைக் காதலித்தால் என்ன? தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் எழுதுவதற்கு 'எல்ஜிபிடி கவிதை' என்று தனிப்பெயர் எதற்கு?

பதில்: ஆண்களைக் காதலித்த ஆங்கிலக் கவிஞர் தாம் கன்னின் 'தி மேன் வித் நைட் ஸ்வெட்ஸ்' (1992) தொகுப்பைப் படித்துப் பாருங்கள். எய்ட்ஸ் நோய்க்கு நண்பர்களை ஒருவர் பின் ஒருவராகப் பறிகொடுத்தவர் எழுதிய இரங்கற்பாக்கள் அதில் இருக்கின்றன. இறந்தவர்கள் யார், இளம் வயதில் அத்தனை பேர் ஏன் போனார்கள் என்பதை ஒதுக்கிவிட்டால் பாதிக் கவிதைதான் கையில் மிஞ்சும். அந்த மறுபாதிக்காகத்தான் பெயர்.

கேள்வி: 'குயர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: ஆண்-பெண் காதல், ஆண்-பெண் பாலினம் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத எல்லோருக்கும் பொதுவான சொல் அது. தமிழில் 'பால்புதுமையினர்' புழக்கத்தில் இருக்கிறது. தன் பாலினர் மீது ஈர்ப்பு உள்ளவர் 'தன்பாலீர்ப்பினர்'. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற பழைய சொல் படுக்கையை மட்டுமே பேசுகிறது. காதல் கவிதைக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள், ஒட்டாது.

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து சில கவிதைகளை மொழிபெயர்க்கிறேன். 'ஹி', 'ஷி', 'தே' வரும் இடமெல்லாம் பேனா நின்றுவிடுகிறது.

பதில்: நிற்க வேண்டிய இடம்தான். அமெரிக்கக் கவிஞர் டேனஸ் ஸ்மித் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்வதில்லை. பன்மைக்கு வழங்கும் 'தே' என்றே தம்மைக் குறிப்பிடச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு இன்னும் சச்சரவு நடக்கிறது. நமக்கோ 'அவர்' எப்போதும் இருக்கிறது. 'வந்தார்', 'எழுதினார்' என்று வினையும் தடையின்றிப் பொருந்துகிறது.

அதே 'அவர்' வேறோர் இடத்தில் நம்மை ஏமாற்றும். ஓர் ஆண் தன் காதலனை 'ஹிம்' என்று எழுதியிருக்கிறார். நாம் மரியாதை கருதி 'அவரை' என்று போட்டால் காதலன் ஆண் என்பதே காணாமல் போய்விடும். அங்கே 'அவனை' என்றுதான் எழுத வேண்டும். நான் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் 'அவன்' எல்லாம் 'அவள்' ஆகியிருந்தது. மாறியது ஒரே எழுத்து, ஆனால் கவிஞரின் வாழ்க்கையே அழிந்திருந்தது. அதைப் படித்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

'நீ' என்று எழுதப்பட்ட கவிதையில் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டிஷ் கவிஞர் கேரல் ஆன் டஃபியின் 'ராப்ச்சர்' (2005) ஒரு காதலின் தொடக்கம் முதல் முறிவு வரை சொல்கிறது, பெரும்பாலும் 'நீ'தான். 'வந்தாய்' என்பதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று இலக்கணம் வகுத்தவர்கள் நாம். அங்கே பெயரை மறைத்தார்கள்; டஃபி பாலையும் சொல்லாமல் விடுகிறார். தெளிவாக்குகிறேன் என்று நீங்கள் அதைத் திறந்து வைக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் ஜெரிகோ பிரவுன் கண்டுபிடித்த 'டூப்ளெக்ஸ்' வடிவம் எப்படிப்பட்டது?

பதில்: 2020இல் புலிட்சர் பரிசு பெற்ற 'தி ட்ரெடிஷன்' தொகுப்பில் வருகிறது. பதினான்கு அடிகள், ஈரடி ஈரடியாக. ஓர் ஈரடியின் இரண்டாம் அடி சற்றே உருமாறி அடுத்த ஈரடியின் முதலடியாகத் திரும்பும். கடைசி அடி, கவிதை தொடங்கிய அதே அடி. சானட் (பதினான்கடிப் பாடல்), கஜல் (ஈரடிகளால் ஆன உருது, பாரசீகப் பாடல்), புளூஸ் (அமெரிக்கக் கருப்பினத்தவரின் இசைப்பாடல்) மூன்றையும் பிசைந்து செய்தது என்கிறார் அவர். எனக்கோ படித்தவுடன் அந்தாதிதான் நினைவுக்கு வந்தது, அதிலும் முடிவு முதலோடு சேர்ந்து மண்டலிக்கும் அந்தாதி.

முதல் டூப்ளெக்ஸ், கவிதை என்பது வீட்டை நோக்கிய ஒரு சைகை என்று தொடங்குகிறது. இடையில் பழைய காதலனின் கார் வருகிறது. அடிக்கும் தந்தை வருகிறார். பிறகு அதே அடி மீண்டும் வருகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனால் இப்போது 'வீடு' என்று படிக்கும்போது உடல் கூசுகிறது. கருப்பினத்தவராகவும் தன்பாலீர்ப்பினராகவும் அமெரிக்கத் தென்பகுதியில் வளர்ந்தவருக்கு, திரும்பிப் போவதும் திரும்ப முடியாததும் ஒரே வடிவத்துக்குள் தேவைப்பட்டிருக்கின்றன.

கேள்வி: இந்தக் கவிதைகள் எல்லாமே துயரம்தானா?

பதில்: இல்லை. ஸ்மித்தின் 'டோன்ட் கால் அஸ் டெட்' (2017) தொகுப்பின் முதல் நெடுங்கவிதை, கொல்லப்பட்ட கருப்பினச் சிறுவர்களுக்கு மறுமையில் ஓர் ஊரைக் கட்டித் தருகிறது. அங்கே அவர்கள் விளையாடுகிறார்கள், பயமில்லாமல்.

கேள்வி: தெற்காசியாவில் யாரைப் படிக்கலாம்?

பதில்: அதிதி அங்கிரஸ், அகில் கத்யால் தொகுத்த 'தி வேர்ல்ட் தட் பிலாங்ஸ் டு அஸ்' (2020) என்ற கவிதைத் திரட்டு நல்ல வாசல். தமிழில் திருநங்கைக் கவிஞர் கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்'. தலைப்பைக் கண்டு தயங்காதீர்கள்.

கேள்வி: என் மகள், கவிஞர் ஓஷன் வுவாங்கின் 'நைட் ஸ்கை வித் எக்ஸிட் வூண்ட்ஸ்' புத்தகத்தை, ஒரு பக்கத்தின் முனையை மடித்து, என் மேசையில் வைத்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, வுவாங்கின் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவில்லை. மகன் கவிதை வாசிக்கும் அரங்குகளில் அவர் தம் நாற்காலியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாராம். மகனின் ஆங்கிலச் சொற்கள் புரியாவிட்டாலும் கேட்பவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காக.

உங்களுக்குப் படிக்கத் தெரியும். மடித்த பக்கத்தில் தொடங்குங்கள். மகளிடம் எதையும் கேட்க வேண்டாம். நீங்கள் நின்றுவிட்ட வரி எது என்று மட்டும் அவளுக்குக் காட்டுங்கள்.